நாலாவது சிலிண்டர்

என் மனைவி சரசாவின் நெஞ்சு மூன்று அடி அடித்து நாலாவதை விட்டுவிடுகிறது என்றும், அந்த நாலாவது அடி என் வேனுக்குள்ளிருந்து போனது என்றும், அந்தக் கோளாறை அவள் நெஞ்சிலிருந்து இறக்காமல் விடமாட்டேன் என்றும் வாய்க்கால் மேட்டுத் தெருவின் நடுவில் நின்று நான் கத்தியபோது, ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. தறி முதலாளி குப்பண்ணன் மட்டும் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "வித்த வண்டி நடுரோட்டுல நின்னாலும் திருப்பி எடுக்காதவன் நீ. இப்ப உனக்குன்னு வந்ததும் கோளாறு கோளாறுன்னு கத்தறயா மாரப்பா?" என்று கேட்டான்.

எடுக்கமாட்டேன்தான். மாட்டுச் சந்தையில் சாணி மிதித்துத் தொழில் படித்தவன் நான். மாட்டுத் தரகு மொபெட் தரகாகி, மொபெட் தரகு கார் தரகாகி, என் கை வழியாக இந்த ஊருக்குள் வந்துபோன பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் காவிரிப் பாலம் அடைபட்டுப் போகும். ஆனாலும் எங்கள் வண்டி என்று ஒன்று என் வாசலில் நின்றதில்லை. சரசா கோலம் போடும்போது ஒன்று நிற்கும், விளக்கு வைக்கும்போது வேறொன்று நிற்கும். அந்த ஏழு பேர் உட்காரும் மினிவேனைத்தான் முதல்முதலாக வீட்டுக்கென்று வைத்துக்கொண்டேன். திருப்பூரிலிருந்து மகனும் மருமகளும் பேத்திகளும் வந்தால் ஒரே வண்டியில் எல்லாரும் ஏறிப் போகலாம், எவனிடமும் வண்டி கேட்டு நிற்க வேண்டாம் என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்கு ஏற்றமாதிரி வெள்ளை நிறம், தள்ளுகிற கதவு, பின்னால் வரைக்கும் குளிர்காற்று.

வைத்துக்கொண்ட வாரமே மீட்டருக்கு நடுவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சொம்புக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி ஒரு படம். கூடவே வண்டி குளிரில் நிற்கிற கன்றுக்குட்டி போல நடுங்கியது. விற்கிற வண்டியாக இருந்தால் அந்த விளக்கின் மேல் ஒரு சாமிப் படத்தை ஒட்டிக் கைமாற்றி விட்டிருப்பேன். வீட்டு வண்டியாகிப் போனதால் என் மச்சினன் யுவராசுவைக் கூப்பிட்டேன்.

யுவராசு சரசாவுக்குத் தம்பி. ஸ்கேனர் ஒன்று வாங்கியதிலிருந்து அவன் ஸ்பானரைக் கையால் தொடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்தில் வயரைச் சொருகி, சின்னத் திரையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஜாதகம் பார்க்கிறவன் மாதிரி உதட்டைச் சுழித்தான்.

"பி, பூஜ்யம், மூணு, பூஜ்யம், நாலு."

"தமிழ்ல சொல்றா."

"பி-ன்னா எஞ்சின் மாமா. மூணுன்னா எரியறதுல தகராறு. கடைசி நாலுன்னா நாலாவது சிலிண்டர். மூணு சிலிண்டர் அடிக்குது, நாலாவது அடிக்காம விட்டுருது."

"அதை என்ற காதே சொல்லுதே! இதுக்கு ஒரு பொட்டி வேற."

"உங்க காது நம்பர் சொல்லுமா மாமா?"

நம்பரை அழித்தான், விளக்கு அணைந்தது. தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி எரிந்தது. ஸ்பார்க் பிளக்கை மாற்றினான், எரிந்தது. பெட்ரோல் பீச்சுகிற ஊசியைக் கழற்றிக் கழுவினான், எரிந்தது. எலி கடித்திருக்கும் என்று வயர் வயராகத் தடவினான், ஒரு எலிப்புழுக்கை கிடைத்தது, அதற்கே அவன் ரொம்பச் சந்தோஷப்பட்டான், அப்போதும் விளக்கு எரிந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. நான் கத்த, அவன் கத்த, சரசா உள்ளேயிருந்து வந்து இரண்டு பேருக்கும் மோர் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைசியாக அவன் மாற்றுச் சோதனை செய்யலாம் என்றான். ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் தீப்பொறி தருகிற காயில் ஒன்று உட்கார்ந்திருக்கும், சாண் நீளம், கறுப்பு, சின்ன உலக்கை மாதிரி. நாலாவதைக் கழற்றி வேறிடத்தில் போட்டால், கோளாறும் கூடவே போகிறதா, இல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூடவே போனால் காயில்தான் குற்றவாளி. அவன் நாலாவது காயிலைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. காயிலை எதிரிலிருந்த குப்பண்ணனின் தறிப்பட்டறை ஜன்னலில் வைத்துவிட்டு டீயைக் குடித்தான். குடித்தபிறகு, கையோடு கொண்டுவந்திருந்த வேறொரு காயிலை நாலாவதில் சொருகி வண்டியை எடுத்தான். விளக்கு அணைந்தது, நடுக்கம் நின்றது, வண்டி வெண்ணெயாக ஓடியது.

பட்டறைக்குள் ஜன்னலோரத் தறி மூன்று அடி அடித்து நாலாவதை விட்டது.

எங்கள் ஊர் தறிக்காரர் ஊர். பிறக்கிறபோது கேட்கிற சத்தமும் போகிறபோது கேட்கிற சத்தமும் ஒன்றுதான்: ஊடை நூலைச் சுமந்து நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிற டக், திரும்பி வருகிற டக். அந்தச் சத்தத்துக்கு இடையில்தான் கல்யாணம் பேசுவோம், கடன் கேட்போம், சண்டை போடுவோம். அதனால்தான் எங்கள் ஊர்க்காரன் வெளியூரில் மெதுவாகப் பேசினாலும் கத்துகிறான் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தறி டக், டக், டக் என்று அடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்று, மறுபடி டக் என்று தொடங்கியபோது, தெருவே தடுக்கி விழுந்தமாதிரி இருந்தது. தண்ணீர்க்குடம் தூக்கி வந்தவள் நின்றாள். சவரக்கடையில் கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

அந்தத் தறியை ஓட்டிக்கொண்டிருந்த வளர்மதி வெளியே வந்து, ஜன்னலிலிருந்த காயிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த ஜன்னலில் வைத்தாள். அடுத்த தறி நொண்டியது, முதல் தறி சரியானது. "ஆமா, இதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் விசாரணை. எங்கள் ஊரில் ஒரு கோளாறு எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார்கள். அதை யார் தலையில் கட்டலாம் என்றுதான் கேட்பார்கள்.

முதலில் எல்லாரும் என் தலையில்தான் கட்டப் பார்த்தார்கள். குப்பண்ணன் நாலு இழைக்கு ஓர் இழை விட்டுப்போன துணியை மடியில் போட்டுக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்தான். காயிலைக் காவிரியில் வீசச் சொன்னார்கள் சிலர். ஆறு நாலாவது அலையை விட்டால் கீழ்க்கரைக்காரன் வழக்குப் போடுவான் என்றார்கள் வேறு சிலர். குப்பையில் போட்டால் குப்பை லாரி நிற்கும், புதைத்தால் பக்கத்துக் கிணற்று மோட்டார் நிற்கும். இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே நான் அந்தத் துணியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். காற்று உள்ளே புகுந்து வெளியே வந்தது. வலையும் இல்லாமல் துணியும் இல்லாமல் ஒரு நெசவு. உடைந்த பொருளில் விலையைப் பார்க்கிற கண் எனக்கு. அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். மறுநாளே அதைத் துண்டாக வெட்டி ஈரோட்டுச் சந்தைக்கு எடுத்துப்போய், காற்றோட்டத் துண்டு, துவைத்துக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும் என்று கூவினேன். மலையாளத்து வியாபாரி ஒருவன் மொத்தத்தையும் வாரிக்கொண்டு, அடுத்த வாரம் இன்னும் வேண்டும் என்றான்.

அதற்குப்பிறகு அந்தக் கோளாறை வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. கோயில் பூசைக்கு முறை வைத்துக்கொள்கிற மாதிரி பட்டறைக்குப் பட்டறை முறை வைத்தார்கள். காயில் என்னுடையது என்பதால் முறையைச் சொல்வதும் நான், வாடகையைப் பேசுவதும் நான். போகிற இடமெல்லாம் அது தன் வேலையைச் செய்தது. மாரியம்மன் நோன்புக்கு மேளக்காரன் மடியில் யாரோ வைத்துவிட, மேளம் நாலாவது அடியை விழுங்கியது, அருள் வந்து ஆடியவர்களின் கால் அந்த அடிக்கு அந்தரத்தில் நின்று இறங்கியது, அடுத்த வருடமும் இப்படித்தான் வேண்டும் என்று பூசாரி கேட்டுக்கொண்டார். சேவலுக்குப் பக்கத்தில் காயில் இருந்த அன்றைக்கு, சேவல் மூன்று தரம் கூவி யோசித்தது. குழந்தைகள் கயிறு தாண்டுகிற பாட்டில் நாலாவது சொல்லை எடுத்துவிட்டு, அங்கே வாயை மூடிக்கொண்டு குதித்தார்கள். கடைத்தெருவில் நடக்கிறவர்கள் மூன்று எட்டு வைத்து ஒரு கணம் நின்று போனார்கள், அதனால் யாரும் யார் மீதும் இடிக்காமல் போனார்கள்.

ஆனால் தறி ஓட்டுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை முதலாளிகளுக்கு முன்னால் தெரிந்தது. "அந்த நாலாவது அடிக்கு நாம சும்மா நிக்கலாம்" என்றாள் வளர்மதி. "கண்ணிமைக்கற நேரந்தான். ஆனா ஒரு ஷிப்டுக்கு எத்தனை கண்ணிமை, நெனச்சுப் பாருங்க. நேத்து நான் பொறந்த ஊரை நெனச்சேன். அதுக்கு முந்தா நாள் இடுப்பைத் தேச்சுக்கிட்டேன்."

இதைக் கேட்டதும் முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். துணி வேண்டும், சும்மா நிற்பது வேண்டாம் என்றார்கள். ஓட்டுகிறவர்கள் துணி எக்கேடு கெட்டாலும் நிற்பது வேண்டும் என்றார்கள். நான் இரண்டு பக்கமும் வாடகையை ஏற்றினேன். ஒரு மத்தியானம் தெரு முழுக்க என் வாசலில் கூடி, முறை யாருக்கு என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, குப்பண்ணன் என் சட்டையைப் பிடித்து, நான் காயிலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "எவனுக்கும் கெடையாது, போங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தபோது, சரசா வெளியே வந்தாள். கையெல்லாம் புளிக்கரைசல். என் கையை வளைத்து இறக்கி, காயிலைப் பிடுங்கினாள். தாலிக்கொடியில் பெண்கள் நாலைந்து ஊக்குகளை அவசரத்துக்கு மாட்டி வைத்திருப்பார்களே, அதில் ஒரு பெரிய ஊக்கைத் திறந்து, காயிலின் காதில் கோத்து, கொடியோடு சேர்த்து மாட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு, ரசத்தை இறக்க உள்ளே போய்விட்டாள்.

தெரு அமைதியாகக் கலைந்தது. கட்டினவள் தாலியிலிருந்து ஒரு பொருளைக் கழற்றிக் கொடு என்று யார் கேட்பது? நானே கேட்க முடியாது. அதில் கை வைத்துக் கழற்றினேன் என்று ஒருத்தன் பார்த்துவிட்டால், அவன் சொல்கிற கதையே வேறாக இருக்கும்.

நல்ல காரியம்தான் செய்தாள், சண்டை ஆறட்டும், சாயந்தரம் வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் இருந்தேன். சாயந்தரம் அவள் தரவில்லை. மறுநாளும் தரவில்லை. ரசத்தில் உப்பு இல்லை, பிறகு சாதத்தில் உப்பு இருந்தது. கூப்பிட்டால் மூன்று கூப்பாட்டுக்குப் பதில் வரும், நாலாவதுக்கு வராது. அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள், முகம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது எனக்குக் காய்ச்சலைவிடப் பயமாக இருந்தது.

யுவராசு ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அக்காவைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான்.

"எங்க மாமா சொருகறது?"

"உன்ற வாயில சொருகு."

ஈரோட்டில் டாக்டரம்மா நெஞ்சுக்கு வயர் வைத்துத் தாளை இழுத்தார். மூன்று மேடு, ஒரு சமதரை, மூன்று மேடு, ஒரு சமதரை. "உங்க ஊர் துண்டு ஒண்ணு எங்க வீட்லயும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "துண்டுல இது நல்லா இருக்கும். இவங்க வயசுல நெஞ்சு தாங்காது. இன்னைக்கு நாலாவது. ஒரு நாள் அஞ்சாவதும் ஆறாவதும் சேர்ந்து விட்டுட்டா, அப்புறம் ஏழாவதுக்கு யாரும் இருக்கமாட்டாங்க. அந்த இரும்பைக் கழட்டினா சரியாயிடும். கழட்ட வைக்கறதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லை."

வேனில் திரும்பி வரும்போது சரசா முன்சீட்டில் உட்கார்ந்து பாலத்துத் தூண்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன்.

"கழட்டு புள்ள."

"மாட்டேனுங்."

"ஏன்?"

"பத்து வயசுல தறிக்கு நூல் தார் சுத்த உக்காந்தேன். அப்ப இருந்து காதுல தறி. தூங்கினாலும் தறி. உங்களைக் கட்டிக்கிட்டதும் தறியோட சேத்து நீங்க வேற. இதை மாட்டினதும் அந்த நாலாவது அடியில ஒரு எடம் தெரியுதுங். சின்ன எடந்தான், ஒரு ஆள் உக்கார்ற அளவு. உள்ள போய் உக்காந்துக்கறேன். அங்க ஒண்ணும் கேக்கறதில்ல."

"செத்துப் போயிருவேன்னு சொல்றாங்க, உனக்குப் புரியுதா இல்லையா?"

"கத்தாதீங்க. பாருங்க, அதுக்குள்ள ரெண்டு தடவை உள்ள போயிட்டு வந்துட்டேன்."

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். பேரம் பேசினேன். ரெட்டைவடச் செயின் என்றேன். திருச்செந்தூர் என்றேன், ராமேசுவரம் என்றேன், மகனோடு போய் ஒரு மாதம் இரு என்றேன். வேலைக்கு ஆள் வைக்கிறேன் என்றேன். ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனேன். அவள் சிரித்தாள்.

"ஏத்தறதுக்கும் எறக்கறதுக்கும் நான் என்ன பழைய வண்டியா?"

"சரி, நீயே சொல்லு. என்ன குடுத்தா கழட்டுவே?"

"சத்தம் நிக்கட்டும்" என்றாள். "ஊர்ல அத்தனை தறியும் ஒரு பொழுது நிக்கட்டும். அப்பப் பாக்கலாம்."

பார்க்கலாம். என் தொழிலில் நான் வெறுக்கிற வார்த்தை அது ஒன்றுதான். பார்க்கலாம் என்கிறவன் வாங்கமாட்டான். ஆனால் வேறு சரக்கு அவள் தரவில்லை.

எங்கள் ஊர்த் தறி நிற்பது லேசான காரியமா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் அலறும், அது தறியைவிட மோசம். தீபாவளிக்குத் தறி நிற்கும், அன்றைக்கு வெடி, அவளுக்கு அடுப்படி. நூல் விலை ஏறினால் அடையாளக் கதவடைப்பு என்று நோட்டீஸ் ஒட்டி, முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவு வழியாக ஆளை விட்டு ஓட்டுவார்கள். தெருவின் நடுவில் நின்று கத்தினேன் என்று முதலில் சொன்னேனே, அது அன்றைக்குத்தான். தறி முதலாளிகள் சங்கத்துக்குக் குப்பண்ணன் தலைவன். அவன் சொன்னால் நிற்கும், பின்கதவும் நிற்கும்.

"ஒரு பொழுது" என்றேன். "உச்சிப்பொழுதுல இருந்து விளக்கு வைக்கற வரைக்கும்."

"நிறுத்தலாம்" என்றான் குப்பண்ணன். "சங்கத்துக்காரனுக எங்கிட்ட வந்து நட்டம் கேப்பானுக. ஓட்டறவங்க கூலி கேப்பாங்க."

"கேப்போம்" என்றாள் வளர்மதி, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

"கேட்டியா? எல்லாத்தையும் நான்தான் சரிக்கட்டணும். அந்த வேனைக் குடு."

நான் சிரித்தேன். பிறகு திட்டினேன். அவன் அப்பனைத் திட்டினேன், அவன் தறியைத் திட்டினேன், வேறொன்று கேள் என்றேன், வாடகை வந்ததையெல்லாம் கொட்டுகிறேன் என்றேன். அவன் வெற்றிலை மென்றான். சந்தையில் பேரம் படியாவிட்டால் செய்வதைச் செய்தேன்: துண்டை உதறித் தோளில் போட்டு, போகிறேன் என்று எழுந்து நடந்தேன். நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். எத்தனை மாடு, எத்தனை வண்டி, கூப்பிடாதவன் கிடையாது. பட்டறை வாசலைத் தாண்டினேன், கூப்பிடவில்லை. கரண்ட் கம்பத்தைத் தாண்டினேன், கூப்பிடவில்லை. என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். உள்ளே சரசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் மூன்று தரம் தட்டி நின்றது. அந்த நிற்கிற இடத்தில் நானும் நின்றேன். அது முடிந்து அடுத்த தட்டு கேட்கிறவரைக்கும் மூச்சு விடவில்லை. கேட்டது. திரும்பி நடந்தேன். போன வழியே திரும்பி வந்து ஒரு பேரத்தை முடித்தது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். சாவியை அவன் மடியில் போட்டேன்.

"ஸ்டெப்னி இருக்கா?" என்றான் பாவி.

"இருக்குடா."

குறித்த நாளில் உச்சிப்பொழுதுக்கு வாய்க்கால் மேட்டுத் தெருவில் முதல் தறி நின்றது, அடுத்தது நின்றது, பக்கத்துத் தெரு நின்றது, மேட்டுக்கடை நின்றது, ஆற்றங்கரை நின்றது, கடைசியாக எங்கோ தூரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு தறியும், யாரோ போய் உதைத்திருக்க வேண்டும், இரண்டு தரம் இருமி நின்றது. ஊர் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி ஆனது. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். பேச வாயைத் திறந்து, தங்கள் குரல் இவ்வளவு பெரிதாக இருப்பதைக் கேட்டு மூடிக்கொண்டார்கள். ஒரு கிழவர் செவிடாகிப் போய்விட்டதாக அழுதார், அவர் மகள் காதருகே சொடுக்குப் போட்டுச் சமாதானப்படுத்தினாள். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது: புறாவின் குமுறல், எந்த வீட்டிலோ தாளிப்பு, கொடியில் ஆடுகிற துணி. அப்புறம் அடியில் நீளமாக, நிறுத்தாமல், யாருக்கும் என்னவென்று புரியாத ஓர் இரைச்சல். வளர்மதிதான் சொன்னாள், "ஆறு." காவிரி அந்தப் பக்கம் ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சத்தம் உண்டு என்று தெரியாது.

சரசா வேன் நின்றிருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் அவள் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். செருப்புச் சத்தம் கேட்கிறது என்றாள், செருப்பைக் கழற்றினேன். மூச்சு விடுவது கேட்கிறது என்றாள். தள்ளிப் போய் நின்றேன். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. இந்த அமைதியை வாங்க ஒரு வேனையே கொடுத்திருந்தேன், அவளோ அதில் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கழற்றுகிற பேச்சே இல்லை. பொழுது சாய ஆரம்பித்தது. குப்பண்ணன் வேனின் தள்ளுகிற கதவைத் திறந்துபோட்டு, உள்ளே படுத்துக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டிருந்தான். என் வேன்.

"ஏனுங்" என்றாள் சரசா.

ஓடினேன்.

"என்னமோ நொண்டுதுங்."

"எது?"

"கேளுங்க." தலையைச் சாய்த்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் தறி ஓட்டினபோது, வரிசையாக ஓடுகிற தறிகளில் எந்தத் தறி சரியில்லை என்று நடந்துகொண்டே கண்டுபிடிப்பாள். அப்போது வருகிற முகம். எரிச்சலான முகம். "மூணு அடிக்குது, ஒண்ணை விடுது. மூணு அடிக்குது, ஒண்ணை விடுது. இத்தனை அமைதியில இது என்ன அசிங்கமா. யாரோட தறி இது?"

"உன்றதுதான் புள்ள."

அவள் நெஞ்சில் கையை வைத்தாள். "சத்தத்துக்கு நடுவுல அது எடமாத் தெரிஞ்சுது" என்றாள். "இப்ப ஓட்டையாத் தெரியுது." பிறகு, பாவில் அறுந்த இழையைப் பார்த்துவிட்டவள் கை சும்மா இருக்காதே, அந்தக் கையோடு ஊக்கைத் திறந்து, காயிலை உருவி, கெட்டுப்போன தாரைப் போடுகிறமாதிரி எதிர்ப் பட்டறை வாசலிலிருந்த கழிவுநூல் கூடையில் வீசினாள். சுற்றிலும் ஓடுகிற பொருள் ஒன்றும் இல்லாததால் அது சும்மா கிடந்தது.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டினவள் கையைத் தெருவில் வைத்துப் பிடிக்கிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பிடித்தேன். மணிக்கட்டில் விரலை அழுத்தினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு வந்தது. மறுபடி எண்ணினேன், மறுபடி வந்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன், அவள் தலை தொங்கி, வாய் திறந்து, நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். கையை விடாமல் நின்றேன். காலில் கொசு கடித்தது. அடிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. பேசின பொழுது முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வளர்மதி சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். மற்ற முதலாளிகள் குப்பண்ணனைப் பார்த்தார்கள், குப்பண்ணன் வேனுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான்.

"நீ வாங்கின அமைதி மாரப்பா. நீயே முடிச்சு வை. மொத சுவிட்சை நீ போட்டாத்தான் மத்தவன் போடுவான்."

அதற்குத்தானே காத்திருந்தேன். என்னால் ஒரு நொடி தாங்க முடியவில்லை, எலும்புக்குள் அரிப்பு. கழிவுநூல் கூடையைக் காலால் தெருவோரம் தள்ளிவிட்டு, பட்டறைக்குள் போய் முதல் தறியின் சுவிட்சில் கையை வைத்தேன். கறுத்துப்போன சுவிட்சு, எத்தனையோ கை பட்டு வழவழப்பாக இருந்தது. கட்டைவிரல் அழுத்தினால் போதும். ஜன்னல் வழியாக ஆறு கேட்டது, அதற்கு மேல் சரசாவின் குறட்டை கேட்டது. அவள் குறட்டை விடுவாள் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

"யோவ், போட்டியா இல்லையா?" குப்பண்ணன் வெளியிலிருந்து கத்தினான். "என்னய்யா பண்றே உள்ள?"

கை சுவிட்சில் இருந்தது. கால் தரையில் தாளம் போட்டது. தொண்டையில் வசவு நாலைந்து வந்து நின்றது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, அவளுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்.

"இருடா. பேரம் பேசிட்டிருக்கேன்."